எல்டிஎல் 4.2, மாத்திரைக்கு முன் மூன்று மாத அவகாசம்: இயற்கை வழியில் எது உருப்படியாக வேலை செய்யும்?

துவாஸ் ஷிஃப்ட்காரன்

எல்லாருக்கும் வணக்கம். வயது 46, சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை, பாதி நாள் இரவு ஷிஃப்ட். ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசு உடல்நலத் திட்டத்தில் பதிந்த பிறகு வீட்டுப் பக்கத்து மருந்தகத்தில் (கிளினிக்) ரத்தம் எடுத்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 6.2, எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 4.2, எச்டிஎல் என்கிற நல்லது 1.1, டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 2.0. (ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: எல்டிஎல் 4.2 என்றால் அங்கே போடும் கணக்கில் 162.) சர்க்கரை இல்லை. பிரஷர் 134/86. சிகரெட் கிடையாது. எடை 81 கிலோ, உயரம் 170.

டாக்டர் நல்ல மனிதர். "மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் பாருங்கள், அப்புறம் திரும்ப எடுப்போம், குறையவில்லை என்றால் ஸ்டாட்டின்" என்றார், அதாவது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை. மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க என்று எல்லாரும் சொல்வதால் அதற்கு முன்னால் வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

இப்போது என் நிலைமை இதுதான். வேலையிடத்தில் ஒருவர் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிகை விற்கிறார், ஒரு புட்டி 68 வெள்ளி, "இது மருந்தே இல்லை, அரிசிதான்" என்கிறார். மன்னார்குடியில் இருந்து அம்மா தினமும் போன் பண்ணி வெந்தயம், பச்சைப் பூண்டு, கொள்ளு என்கிறார். வீட்டுக்காரி மீன் எண்ணெய் வாங்கி வைத்துவிட்டார். அதோடு "செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லது" என்று வீடியோ பார்த்துவிட்டு எல்லாச் சமையலும் அதிலேதான். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது காலையில் இரண்டு முட்டைப் பிராட்டா (பரோட்டா), ஒரு தே தாரிக் (கெட்டிப்பால் டீ). இதை விடச் சொன்னால் விடுகிறேன். ஆனால் எதை வாங்குவது, எதை விடுவது என்று தெளிவாக யாராவது சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கினால் சம்பளம் அதிலேயே போய்விடும்.

---

பூண்டுப் பிரியன்

அண்ணே, கவலையே வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் நாலு பல் பூண்டு, தேனில் ஊறவைத்தது. என் மாமாவுக்கு 7-க்கு மேல் இருந்தது, இப்போது நார்மல். மாத்திரை கம்பெனிக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் உட்காருபவர்கள் பாடு மட்டும் கொஞ்சம் கஷ்டம். நீங்கள் இரவு ஷிஃப்ட், யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள், பிரச்சினையில்லை.

---

மருந்துக்கடை அக்கா

தம்பி, நான் மருந்தாளர் இல்லை. ஒரு மருந்துக்கடை கவுன்டரில் மருந்தாளருக்கு உதவியாக ரொம்ப வருஷம் நின்றவள், இப்போது ஓய்வு. இந்தப் புட்டிகளை எல்லாம் என் கையாலேயே எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 68 வெள்ளிப் புட்டி. சிவப்பு ஈஸ்ட் அரிசியில் மொனாகொலின் கே என்று ஒன்று இருக்கிறது. அது லோவாஸ்டாட்டின் என்கிற மாத்திரையேதான், ரசாயனத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானிதான் 1970-களில் பூஞ்சையில் இருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தவர். 1979-இல் இந்தச் சிவப்புப் பூஞ்சையில் இருந்து மொனாகொலின் கே-யைப் பிரித்தவரும் அவர்தான். 1987-இல் அமெரிக்காவில் லோவாஸ்டாட்டின் மாத்திரையாக வந்தது. ஆக "இயற்கை", "மாத்திரை" என்று நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருப்பது அங்கேயே இடிந்துவிட்டது. அந்தக் குளிகை வேலை செய்தால், நீங்கள் ஸ்டாட்டின் சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் தெரியாது. ஒரு புட்டிக்கும் அடுத்த புட்டிக்கும் அளவு மாறும். வேலை செய்யவில்லை என்றால் 68 வெள்ளி போச்சு.

இதோடு முடியவில்லை. அந்தப் பூஞ்சையை நொதிக்க வைக்கும்போது சிட்ரினின் என்ற நச்சும் சேரலாம், அது சிறுநீரகத்துக்கு ஆகாது. 2024 மார்ச்சில் ஜப்பானில் இதே சிவப்பு அரிசிக் குளிகை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்து, ஒரு பெரிய கம்பெனி சரக்கைத் திரும்பப் பெற்றது செய்தியில் எல்லாம் வந்ததே. அங்கே வேறொரு பூஞ்சை உள்ளே புகுந்து நச்சு உண்டாக்கியிருந்தது. ஐரோப்பாவில் 2022-இல் இருந்து நாள் அளவில் மொனாகொலின் 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று சட்டம். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். டாக்டரிடம் சொல்லாமல் இதைச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள், மூன்று மாதத்தில் அவர் மேலே ஒரு ஸ்டாட்டின் எழுதுவார், இரண்டும் சேரும். கவுன்டரில் நான் கேட்காவிட்டால் யாருமே வாய் திறந்து சொன்னதில்லை, "அது மருந்தில்லையே அக்கா" என்பார்கள்.

மீன் எண்ணெய்: வீட்டில் திட்டாதீர்கள், ஆனால் அது எல்டிஎல்லுக்கு இல்லை. அளவு அதிகமானால் டிரைகிளிசரைடைக் குறைக்கும், சிலருக்கு எல்டிஎல் கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும். கடைப்புட்டியில் ஒரு குளிகை இரண்டு குளிகை என்பது டிரைகிளிசரைடுக்கும் போதாது. வாரம் இரண்டு முறை மீன் சாப்பிடுவதே மேல். தேக்கா ஈரச்சந்தையில் கானாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள்.

பூண்டுப் பிரியன் தம்பி கோபித்துக்கொள்ளாதீர்கள். 2022-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வந்தது. சுமார் 190 பேரைப் பிரித்து, சிலருக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம், மற்றவர்களுக்கு மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை, தாவர ஸ்டெரால் (செடிகளில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள்), சிவப்பு ஈஸ்ட் அரிசி, ஒரு குழுவுக்கு வெறும் போலி மாத்திரை. நாலு வாரம். ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே இறங்கியது. மற்ற ஆறும் போலி மாத்திரைக்கு மேலே எதுவும் செய்யவில்லை, பூண்டுக் குழுவில் கொஞ்சம் ஏறியே இருந்தது. நாலு வாரம் குறைவு, ஒவ்வொரு குழுவிலும் ஆட்களும் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூண்டைக் குழம்பில் போடுங்கள், தேனில் வேண்டாம்.

வெந்தயம், கொள்ளு: அம்மா சொல்வதைத் தட்டவேண்டாம். சின்னச் சின்ன ஆய்வுகள்தான் இருக்கின்றன, பெரிதாக நம்ப முடியாது. ஆனால் நார்ச்சத்து, நல்ல சாப்பாடு. கொள்ளு ரசம் வைத்தால் எனக்கும் ஒரு தம்ளர்.

சரி, அப்படியானால் எது வேலை செய்கிறது? மலிவான இரண்டு. ஒன்று இசப்கோல். முஸ்தஃபாவிலும் கிடைக்கும், சிராங்கூன் சாலைக் கடைகளிலும் கிடைக்கும். மலச்சிக்கலுக்கு என்று ஊரில் வாங்குவோமே, அதேதான். நாள் ஒன்றுக்குப் பத்து கிராம் அளவில் எடுத்தால் எல்டிஎல் ஏறத்தாழ 0.3 இறங்கும் என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரேயடியாகப் பத்து வேண்டாம், வயிறு உப்பும். ஒரு தேக்கரண்டியில் ஆரம்பியுங்கள். பெரிய தம்ளர் தண்ணீர், கலக்கியவுடன் குடித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஜெல்லி. வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரண்டாவது ஓட்ஸ். அதில் உள்ள பீட்டா குளுகன் என்ற நார்ச்சத்து நாளுக்கு மூன்று கிராம் வேண்டும், அதாவது உலர்ந்த ஓட்ஸ் 70, 75 கிராம். அதற்கு எல்டிஎல் 0.2 போலக் குறையும். பார்லியிலும் அதே சரக்கு இருக்கிறது. ஆனால் உணவங்காடி நிலையத்தில் விற்கும் பார்லித் தண்ணீர் அந்தக் கணக்கில் வராது, அது பார்லி குளித்த சர்க்கரைத் தண்ணீர்.

தாவர ஸ்டெரால் சேர்த்த பால் பவுடர் சூப்பர்மார்க்கெட்டில் விற்கிறது. நாளுக்கு இரண்டு கிராம் ஸ்டெராலுக்கு எட்டு, பத்து விழுக்காடு குறையும் என்று நிறைய ஆய்வு சொல்கிறது, நான் மேலே சொன்ன அந்தச் சோதனையில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கையில் காசு இருந்தால் பாருங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் இசப்கோல்தான்.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அப்பா, அண்ணன் தம்பி யாருக்காவது 55 வயதுக்கு முன்னால் மாரடைப்பு? அம்மா, அக்கா தங்கைக்கு 65-க்கு முன்னால்? டாக்டர் கேட்டாரா?

---

செங்காங் சமையல்

அக்கா சொன்னதில் சமையலறை விட்டுப்போய்விட்டது, அதை நான் சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய்தான் உங்கள் வீட்டில் முதல் குற்றவாளி. செக்கோ மிஷினோ, அதில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றுவது அதுதான். எங்கள் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே பதினாறு சோதனைகளைச் சேர்த்து 2020-இல் எழுதினார்கள்: சூரியகாந்தி, கடலை மாதிரி எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை ஊர்க் கணக்கில் பத்து போல ஏற்றுகிறது, அதாவது இங்கே 0.27. அக்கா சொன்ன இசப்கோல் இறக்குவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு கையால் இசப்கோல், மறு கையால் தேங்காய் எண்ணெய் என்றால் சரியாகப் போய்விடும். எங்கள் வீட்டில் இப்போது தாளிக்க மட்டும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், மற்றதற்குக் கடலை எண்ணெய். புட்டியில் இருந்து நேராக ஊற்றுவதை நிறுத்தி, கரண்டியால் அளந்து ஊற்றினாலே பாதி குறைந்துவிடும். மீன் குழம்புக்குத் தேங்காய் அரைத்துவிடும் பழக்கத்தையும் வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டோம். மற்ற நாளில் புளியும் தக்காளியும். மாமியார் முதல் வாரம் முகத்தைச் சுளித்தார், இப்போது கேட்பதில்லை.

பிராட்டா: மைதா, நெய் அல்லது மாஜரின், தட்டையில் மேலே மறுபடி எண்ணெய். முட்டையைக் குறை சொல்லாதீர்கள், முட்டையில் உள்ள கொலஸ்ட்ராலைவிட அந்த மாவுக்குள் தடவும் கொழுப்புதான் கணக்கு. இறாலும் அப்படித்தான், கொலஸ்ட்ரால் இருக்கும், நிறைவுற்ற கொழுப்பு சொற்பம். அதைச் சம்பலில் போட்டுத் தேங்காய்ப் பாலில் முக்கினால் வேறு கதை. ஷிஃப்ட் முடிந்து சூடாக ஏதாவது வேண்டும் என்றால் தோசை இரண்டு, சாம்பார் நிறைய, சட்னி ஓரமாக. தோசைக்கு எண்ணெய் குறைவாக ஊற்றச் சொல்லுங்கள், சொன்னால் செய்வார்கள். ஒரு நல்ல செய்தி, 2021 ஜூனில் இருந்து இங்கே பாதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்க்குத் தடை, பழைய டால்டா வகை டிரான்ஸ் கொழுப்பு அந்த அளவுக்கு இல்லை. அதனால் கடைச் சாப்பாடு நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பாமாயில் அப்படியேதான் இருக்கிறது, அதில் பாதி நிறைவுற்ற கொழுப்பு.

தே தாரிக்கில் கெட்டிப்பால். கோப்பி ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) பழகிக்கொள்ளுங்கள். நம் கோப்பிக் கடைகளில் துணிப்பையில் வடிப்பதால் காப்பிக்கொட்டையில் எல்டிஎல்லை ஏற்றும் எண்ணெய்ப் பொருள் பெரும்பாலும் துணியிலேயே நின்றுவிடும். தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து வடிக்காமல் குடிப்பதுதான் மோசம். உங்கள் டிரைகிளிசரைடு 2.0-க்கு சர்க்கரையும் வெள்ளைச் சோறும்தான் முதல் சந்தேகம். பீர் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

---

கல்லாங் நடையன்

எல்லாரும் வாய்க்குள் போவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நடைக்கு எல்டிஎல் அவ்வளவாக இறங்காது, உண்மைதான். ஆனால் டிரைகிளிசரைடு இறங்கும், பிரஷர் இறங்கும், எடை இறங்கும். 81-இல் நாலைந்து கிலோ குறைந்தாலே தெரியும். ஷிஃப்ட்காரர்களுக்கு ஜிம் எல்லாம் கதைக்காகாது. வேலைப் பேருந்தில் வந்து இறங்கினால் இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கிப் பூங்கா இணைப்புப் பாதையில் நடந்து வாருங்கள். காலை ஏழு மணிக்கு வெயில் இல்லை, பிராட்டாக் கடையும் அந்த வழியில் இல்லை.

ஆனால் ஸ்டாட்டின் விஷயத்தில் நான் அக்கா பக்கம் இல்லை. என் மைத்துனர் எடுத்தார், கால் குடைச்சல் தாங்காமல் நிறுத்திவிட்டார். முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்.

---

துவாஸ் ஷிஃப்ட்காரன்

அக்கா, நீங்கள் கேட்டதுக்கு: அப்பா 52-இல் போய்விட்டார். வயலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான். மாரடைப்பு என்றார்கள். டாக்டர் "குடும்பத்தில் இதய நோய் உண்டா" என்று கேட்டார், அம்மாவுக்குச் சர்க்கரை மட்டும் சொன்னேன், அப்பாவை அவர் கேட்ட மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அண்ணனுக்கு 49, இதுவரை ரத்தமே எடுத்ததில்லை.

குளிகை வாங்கவில்லை. விற்பவரிடம் அக்கா எழுதியதைக் காட்டினேன், "நீ படித்தவன்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தேங்காய் எண்ணெய் பற்றி வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கிறது. இசப்கோல் வாங்கியாச்சு.

---

மருந்துக்கடை அக்கா

தம்பி, மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே மருந்தகத்துக்குப் போன் பண்ணி, அப்பா 52-இல் மாரடைப்பில் இறந்தார் என்று பதியச் சொல்லுங்கள். டாக்டர் உங்களுக்கு மூன்று மாதம் கொடுத்தது சும்மா இல்லை. வயது, பிரஷர், புகை, கொலஸ்ட்ரால், நம் இனம் எல்லாம் போட்டு ஒரு கணக்குப் பார்ப்பார்கள். சீனர்கள், மலாய்க்காரர்கள், இந்தியர்கள் மூவருக்கும் ஒரே எண் வந்தாலும் ஒரே ஆபத்து கிடையாது, நமக்குச் சின்ன வயதிலேயே வருகிறது. அந்தக் கணக்கில் அப்பா சேரவே இல்லை. சேர்த்தால் முடிவு மாறலாம், மாறாமலும் இருக்கலாம். அதை அவர் பார்க்கட்டும். லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, குடும்பத்தில் வழிவழியாக வருவது, சாப்பாட்டுக்கும் நடைக்கும் அசையாது. அது உங்களுக்குத் தேவையா என்றும் கேளுங்கள். ஊரில் அண்ணனை முதலில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். எல்டிஎல் 4.9, ஊர்க் கணக்கில் 190-க்கு மேல் இருந்தால் அது குடும்பக் கொலஸ்ட்ராலாக இருக்கலாம், வெந்தயத்துக்கு அடங்காது.

இதற்காக மற்றதை விட்டுவிடாதீர்கள். இசப்கோல், ஓட்ஸ், எண்ணெய் மாற்றம், எடை எல்லாம் சேர்ந்தால் 4.2-இல் இருந்து 3.5 பக்கம் வரலாம். மாத்திரை எடுத்தாலும் இதெல்லாம் இருந்தால் குறைந்த அளவிலேயே முடித்துவிடலாம். காசு பற்றி யோசித்தால், கொலஸ்ட்ரால் நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது, மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம், சாஸ் அட்டை (அரசு மருத்துவ மானிய அட்டை) இருந்தால் அதையும் காட்டுங்கள். 68 வெள்ளிப் புட்டிக்கு அந்த வசதி இல்லை.

கல்லாங் தம்பிக்கு: உங்கள் மைத்துனர் வலியை நான் பொய் என்று சொல்லமாட்டேன். தசை வலி சிலருக்கு உண்மையாகவே வரும். ஆனால் 2020-இல் பிரிட்டனில், ஸ்டாட்டினால் வலி என்று நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் போலி, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று வைத்துப் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்த மாதங்களில் அது எதுவென்று சொல்லவில்லை. ஸ்டாட்டினில் வந்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு போலி மாத்திரையிலும் வந்தது. பாதிப் பேர் அதன் பிறகு திரும்ப ஆரம்பித்தார்கள். மைத்துனரை வேறொரு ஸ்டாட்டின், குறைந்த அளவு என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசியர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் ரத்தத்தில் அதிகமாக ஏறும் என்பதால் 5 மில்லிகிராமிலேயே ஆரம்பிப்பார்கள். மூத்திரம் கறுத்துப்போனால், நடக்க முடியாத வலி என்றால் அன்றைக்கே மருந்தகம்.

---

துவாஸ் ஷிஃப்ட்காரன்

போன் பண்ணிவிட்டேன். நேரில் வரச் சொன்னார்கள், அடுத்த வியாழன், ஷிஃப்ட் இல்லாத நாள். அண்ணன் "எனக்கு ஒன்றும் இல்லை" என்கிறான், அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன், அவர் இழுத்துக்கொண்டு போவார்.

இன்னொன்று மட்டும். மாத்திரை எழுதினால், சீனப் புத்தாண்டுக்கு மேலாளர் கொடுக்கும் பம்ப்ளிமாஸ் சாப்பிடலாமா? ஆரஞ்சுக் குடும்பம் ஆகாது என்று யாரோ சொன்னார்கள்.

---

மருந்துக்கடை அக்கா

ஆரஞ்சு, கமலா ஒன்றும் செய்யாது. கிரேப்ஃப்ரூட்தான் ஆகாது, அதுவும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்களுக்கு. மருந்து உடைவதைத் தடுத்து ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். பம்ப்ளிமாஸ் அதற்கு நெருங்கிய சொந்தம், அதனால் அந்த இரண்டில் ஒன்று எழுதினால் மருந்தாளரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ரோசுவாஸ்டாட்டின் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. எது எழுதினார் என்று வியாழன் வந்து போடுங்கள்.